ஓவிய ரயில் 40044: படம் சொன்னதும் பாரிஸில் நடந்ததும்

1964இல் வந்த ‘தி டிரெயின்’ படத்தைப் பார்த்தவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. நாஜிகள் திருடிய ஓவியங்களோடு பாரிஸிலிருந்து ஜெர்மனிக்குக் கிளம்பிய ரயிலை பிரெஞ்சு ரயில்வே தொழிலாளர்கள் உயிரைக் கொடுத்து மறித்தார்களாமே, உண்மையா? உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், ஓவியங்களுக்காக இத்தனை பேர் சாகலாமா?

முதல் கேள்விக்குப் பாதி ஆமாம், பாதி இல்லை. ரயில் உண்மை. அதன் எண் 40044. அதில் 148 மரப்பெட்டிகள் நிறைய ஓவியங்கள் இருந்தன. 1944 ஆகஸ்டில் அதை ஜெர்மனிக்கு அனுப்பப் பார்த்தார்கள், ரயில்வே தொழிலாளர்கள் இழுத்தடித்தார்கள், அது போய்ச் சேரவில்லை. ஆனால் ஓவியப் பித்துப் பிடித்த கர்னல், மோதிக்கொள்ளும் இன்ஜின்கள், சுட்டுக் கொல்லப்படும் பணயக்கைதிகள் எல்லாம் திரைக்கதை. நிஜ ரயில் ஜெர்மன் எல்லையை எட்டிப் பார்க்கவே இல்லை. பாரிஸின் வடகிழக்குப் புறநகரைக்கூட அது தாண்டவில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அந்தப் பெட்டிகளில் இருந்தவை யாருடைய ஓவியங்கள்? படம் இதைத் தொடாமலே நழுவிவிடுகிறது. அது தெரிந்தால் ‘சாகலாமா’ என்ற கேள்வியே வேறு மாதிரி ஆகிவிடும் என்பது என் எண்ணம்.

முதலில் படத்தைப் பற்றிக் கொஞ்சம். பார்க்காதவர்களுக்கு இந்தப் பத்தியில் கதை தெரிந்துவிடும், வேண்டாம் என்றால் தாண்டிவிடுங்கள். நேசப்படைகள் பாரிஸை நெருங்கும் நேரம். ஃபான் வால்ட்ஹைம் என்ற ஜெர்மன் கர்னல் (பால் ஸ்கோஃபீல்ட்) ஓவியங்களைப் பெட்டி கட்டி ரயிலில் ஏற்றச் சொல்கிறான். அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கும் மாத்மசெல் வில்லார், ரயிலை நிறுத்துங்கள், ஆனால் ஓவியங்களுக்குச் சேதம் வரக்கூடாது என்று பிரெஞ்சு நாஜி எதிர்ப்பு இயக்கத்திடம் கெஞ்சுகிறாள். லபீஷ் என்ற ரயில்வே அதிகாரி (பர்ட் லங்காஸ்டர்) முதலில் மறுத்துவிடுகிறான். ஆட்களே மிச்சமில்லாதபோது படத்துக்காக ஆளைப் பலி கொடுக்க அவனுக்கு மனமில்லை. பாப்பா பூல் என்ற கிழட்டு டிரைவர் இன்ஜினின் எண்ணெய்க் குழாயில் நாணயத்தைச் செருகி அதைப் பழுதாக்கி, அதற்காகவே சுட்டுக் கொல்லப்படுகிறார். அதன்பிறகு லபீஷும் இறங்குகிறான். வழியில் உள்ள ஸ்டேஷன்களின் பெயர்ப் பலகைகளை மாற்றி, ரயில் ஜெர்மனிக்குப் போவதாக ஜெர்மானியர்களை நம்பவைத்து, அதைச் சுற்றிக்கொண்டு திரும்பி வரச் செய்யும் பகுதி இன்றைக்கும் இருக்கையின் நுனிக்குக் கொண்டுவருகிறது. கடைசியில் தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் பிக்காசோ, ரெனுவார் என்று பெயர் எழுதிய பெட்டிகள். மறுபக்கம் சுட்டுக் கொல்லப்பட்ட பணயக்கைதிகள். எது பெரிது என்று படம் வாயைத் திறந்து சொல்வதில்லை.

படம் எடுக்கப்பட்ட விதமும் தனிக் கதைதான். ஆர்தர் பென் இயக்கத் தொடங்கினார். படப்பிடிப்பு ஆரம்பித்த சில நாட்களிலேயே அவரை நீக்கிவிட்டு ஜான் ஃப்ராங்கன்ஹைமரைக் கொண்டுவந்தார்கள். மினியேச்சர் வேலையே இல்லை. பிரெஞ்சு ரயில்வே கொடுத்த நிஜ இன்ஜின்களை நிஜமாகவே தடம்புரள வைத்தார்கள். எப்படியும் அகற்றப்பட இருந்த ஒரு பழைய ரயில்வே யார்டை வெடிவைத்துத் தகர்த்து, விமானத் தாக்குதல் காட்சியை எடுத்தார்கள். சர்க்கஸ்காரராக இருந்தவர் லங்காஸ்டர். ஏணியில் வழுக்கி இறங்குவதும் ஓடும் இன்ஜினில் தாவுவதும் அவரேதான். ஆனால் அவருக்குக் கால் பிசகியது விடுமுறையில் கோல்ஃப் ஆடும்போது. அதை மறைக்கத்தான் கதையில் லபீஷின் காலில் குண்டு பாய்கிறது. கறுப்பு வெள்ளையில் கரியும் எண்ணெயும் ஆவியுமாக இருக்கும் இந்தப் படத்தின் முன், பின்னாளில் வந்த பல வண்ணப் போர்ப் படங்கள் எனக்குப் பொம்மை விளையாட்டாகவே தெரிகின்றன.

இனி நடந்தது. படத்தில் வில்லாருக்குச் சில நிமிடக் காட்சிதான். நிஜத்தில் கதையின் பெரும்பகுதி அவருடையது. அவர் பெயர் ரோஸ் வலான். 1898இல் பிரான்ஸின் தென்கிழக்கே இசேர் பகுதியில் ஒரு சிற்றூரில் பிறந்தவர், கொல்லர் வீட்டுப் பெண். லியோனிலும் பாரிஸிலும் ஓவியக் கலையும் கலை வரலாறும் படித்துவிட்டு, 1932இல் பாரிஸின் ஜூ த போம் அருங்காட்சியகத்தில் சம்பளமில்லாத உதவியாளராகச் சேர்ந்தார். போருக்குப் பின் 1961இல் தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். படத்துக்கு ஆதாரம் அந்தப் புத்தகம்தான்.

1940 ஜூனில் பாரிஸ் விழுந்தது. லூவர் அருங்காட்சியகத்தில் இருந்தவற்றை ஜெர்மானியர்கள் அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி நடக்கவில்லை. போர் அறிவிக்கப்படுவதற்கு முன்பே, 1939 ஆகஸ்ட் கடைசியில், தேசிய அருங்காட்சியகங்களின் பொறுப்பில் இருந்த ஜாக் ஜோஜார் லூவரை மூடி, ஓவியங்களையும் சிற்பங்களையும் பெட்டி கட்டி நாட்டுப்புறக் கோட்டைகளுக்கு லாரி லாரியாக அனுப்பிவிட்டார். மோனா லிசா முதலில் ஷாம்போர் கோட்டைக்குப் போனது. பிறகு லுவின்யி, லோக்-டியு மடாலயம், மோன்தோபான் என்று ஊர் ஊராக அலைந்து கடைசியில் மோன்தால் கோட்டைக்கு வந்தது. ஜெரிக்கோவின் ‘மெடூசாவின் தெப்பம்’ லாரியில் ஏறாத அளவு பெரியது. நாடகக் கம்பெனியின் திரைச்சீலை ஏற்றும் வண்டியில் நிற்க வைத்துக் கொண்டுபோனார்கள். வெர்சாய் ஊருக்குள் போகையில் அது டிராம் கம்பிகளில் சிக்கிக்கொண்டது. இவை அரசுச் சொத்து. ஜெர்மன் ராணுவத்தின் கலைப் பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய கோமான் வோல்ஃப்-மெட்டர்னிக், அரசுச் சேகரிப்பைத் தொடக்கூடாது என்று பிடிவாதமாக நின்றார். லூவரின் பெரும் செல்வங்கள் அநேகமாக அப்படியே தப்பின.

கொள்ளை போனவை தனியார் சேகரிப்புகள், அவற்றிலும் முக்கியமாக யூதக் குடும்பங்களுடையவை. ரோத்ஷில்டு, டேவிட்-வைல், பால் ரோசன்பர்க், பெர்ன்ஹைம்-ஜூன் வீடுகளும் கடைகளும் வங்கிப் பெட்டகங்களும் ஒன்றொன்றாகக் காலி செய்யப்பட்டன. இதைச் செய்த அமைப்புக்குத் தலைவர் நாஜி சித்தாந்தி ஆல்ஃபிரட் ரோசன்பர்க். (ஓவிய வியாபாரி பால் ரோசன்பர்க் யூதர், இவருக்கும் அவருக்கும் எந்த உறவும் இல்லை.) அள்ளியதைக் குவித்து, பட்டியலிட்டு, படமெடுத்து, பங்கு போட ஓர் இடம் வேண்டுமே? அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட கட்டடம் ஜூ த போம். 1940 நவம்பரில், ஹிட்லருக்கு அடுத்த நிலையில் இருந்த கோரிங் போட்ட உத்தரவு பங்கு வரிசையைச் சொன்னது. முதல் உரிமை ஹிட்லருக்கு, அடுத்தது கோரிங்குக்கு, மிச்சம் மற்றவர்களுக்கு. கோரிங் இருபது தடவையாவது அந்தக் கட்டடத்துக்கு நேரில் வந்து பொறுக்கினார். ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுவது போல அவருக்காகவே கண்காட்சி வைத்து, ஷாம்பெயினும் ஊற்றிக் கொடுத்தார்கள்.

ஜோஜார் வலானிடம், எப்படியாவது அங்கேயே இருந்துகொள் என்றார். அவரும் இருந்தார். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பிரெஞ்சுக்காரப் பெண், மங்கிய உடை, மூக்குக் கண்ணாடி, யார் கண்ணிலும் தங்காத முகம். அவருக்கு ஜெர்மன் புரியும் என்பது அங்கிருந்த ஜெர்மானியர்களுக்குத் தெரியாது. அவர் முன்னாலேயே எல்லாவற்றையும் பேசினார்கள். எந்தப் பெட்டி, எந்தக் குடும்பத்துடையது, எந்த ஊருக்குப் போகிறது, எந்த ரயில் என்று பகலில் மனதில் வாங்கி இரவில் வீட்டில் எழுதி வைத்தார். குப்பைக் கூடையில் கிடந்த கார்பன் பேப்பர்களைப் பொறுக்கினார். ஜெர்மானியர்கள் எடுத்த புகைப்படங்களின் நெகட்டிவ்களை இரவில் எடுத்துப்போய்ப் பிரதி போட்டுவிட்டு, விடிவதற்குள் பழைய இடத்தில் வைத்தார். சந்தேகப்பட்டு வெளியே அனுப்பினார்கள். ஏதோ ஒரு காரணம் சொல்லித் திரும்ப வந்தார். மறுபடியும் அனுப்பினார்கள், மறுபடியும் வந்தார். 1944 தொடக்கத்தில், ஓர் அனுப்பாணையில் இருந்த முகவரியைப் படித்துக்கொண்டிருந்தபோது புரூனோ லோசே என்ற அதிகாரியிடம் மாட்டிக்கொண்டார். இதற்காக உன்னைச் சுட்டுவிடலாம் தெரியுமா என்று அவன் மிரட்ட, இங்கே வேலை செய்கிற யாருக்கும் அது தெரியாமல் இல்லை என்கிற பாணியில் அமைதியாகப் பதில் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். நான்கு வருடம் இப்படியே. குண்டு வெடிக்காத த்ரில்லர் என்றால் எனக்கு இதுதான். இதைப் படமாக்க ஃப்ராங்கன்ஹைமருக்கு ஏனோ ஆர்வமில்லை. அவருக்கு இன்ஜின் பிடித்திருந்தது.

அங்கே அழிவும் நடந்தது. நாஜிகளுக்குப் பிடிக்காத நவீன ஓவியங்களை, ‘சீரழிந்த கலை’ என்று முத்திரை குத்தி, ஒரு பின்னறையில் போட்டு வைத்திருந்தார்கள். 1943 ஜூலையில் அவற்றில் 500, 600 படங்களைக் கிழித்து, கட்டடத்துக்கு வெளியே எரித்ததாக வலான் எழுதினார். எண்ணிக்கை பற்றி ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆனால் நாஜிகள் எல்லா நவீன ஓவியங்களையும் எரித்துவிடவில்லை. பிக்காசோவைச் சுவரில் மாட்ட மாட்டார்கள், சந்தையில் அதன் விலை மட்டும் நன்றாகத் தெரியும். பழைய மேதைகளின் ஓவியங்களுக்கு மாற்றாகக் கொடுக்க அவை உதவின.

40044இல் ஏற்றப்பட்டவை பெரும்பாலும் இப்படி மிஞ்சியவைதான். ஆகஸ்ட் 2ஆம் தேதி 148 பெட்டிகளும் ஐந்து வேகன்களில் ஏற்றி மூடப்பட்டுவிட்டன. பிக்காசோ மட்டும் 64. பிராக் 29. கூடவே செசான், டெகா, மொதிலியானி, டுஃபி. வேகன் எண்கள், பெட்டி எண்கள், போய்ச் சேர வேண்டிய இடம் எல்லாவற்றையும் வலான் குறித்து ஜோஜாரிடம் கொடுத்தார். ஜோஜார் வழியாக அது ரயில்வேயில் இருந்த எதிர்ப்பு இயக்கத்தினருக்குப் போனது.

அன்றைக்கே ரயில் கிளம்பியிருந்தால் ஒருவேளை ஜெர்மனிக்கே போயிருக்கும். ஏன் கிளம்பவில்லை? பேராசைதான் காரணம். அந்த ஐந்து வேகன்களோடு இன்னும் நாற்பதுக்கும் மேற்பட்ட வேகன்களைச் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று பொறுப்பதிகாரி குர்ட் ஃபான் பேர் விரும்பினார். அவற்றில் என்ன? யூதர்களின் வீடுகளிலிருந்து எடுத்த கட்டில், மேஜை, அலமாரி, பாத்திரம். நாஜிகள் இதையும் ஒரு திட்டமாகவே நடத்தினார்கள். பாரிஸில் மட்டும் சுமார் 38,000 வீடுகளைச் சுரண்டிக் காலி செய்தார்கள். அந்தத் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றி முடிக்கவே நாட்கள் ஓடின. அதற்குள் ஆகஸ்ட் 10 வந்துவிட்டது. அன்று ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

அதற்குப் பிறகு நடந்தவை ரயில்வேயில் வேலை பார்த்த எவருக்கும் புதிதாக இருக்காது. பாரம் அதிகம், இந்த இன்ஜின் இழுக்காது என்றார்கள். இன்ஜின் பழுது என்றார்கள். முன்னால் வேறு ரயில் நிற்கிறது, லைன் கிடைக்கவில்லை என்றார்கள். ஓபர்வில்லியேவிலிருந்து கிளம்பிய ரயில் லெ பூர்ஜேவில் நின்று, கடைசியில் ஓல்னே-சு-புவா என்ற இடத்தில் மாட்டிக்கொண்டது. மொத்தத்தில் பத்துக் கிலோமீட்டர் போயிருந்தால் அதிகம். நாணயம் செருகிய எண்ணெய்க் குழாய் எதுவும் வேண்டியிருக்கவில்லை. வேலை தெரிந்தவன் வேலையை மெதுவாகச் செய்தால் போதும், துப்பாக்கி வைத்திருக்கும் அதிகாரிக்கு இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஆகஸ்ட் 25இல் பாரிஸ் விடுதலையானது. 27ஆம் தேதி பிரெஞ்சு ஜெனரல் லெக்ளேர்க்கின் இரண்டாம் கவசப் படையைச் சேர்ந்த சிறு பிரிவு ஒன்று ஓல்னேவில் அந்த ரயிலைப் பிடித்தது. அந்தப் பிரிவின் அதிகாரி லெப்டினன்ட் அலெக்சாந்தர் ரோசன்பர்க். ஆமாம், ஓவிய வியாபாரி பால் ரோசன்பர்க்கின் மகனேதான். குடும்பம் 1940இல் தப்பி அமெரிக்கா போனபோது இவர் மட்டும் நாஜிகளை எதிர்த்துப் போரிட்ட ஜெனரல் த கோலின் பிரெஞ்சுப் படையில் சேர்ந்துவிட்டார். பெட்டிகளைத் திறந்தபோது உள்ளே இருந்தவற்றில் சில அவர் வீட்டுச் சுவரில் தொங்கியவை. கதாசிரியர் யாராவது இப்படி எழுதியிருந்தால் நம்பும்படி இல்லை என்று திருப்பிக் கொடுத்திருப்பார்கள். அதனால்தானோ என்னவோ, படத்தில் இந்தக் காட்சி இல்லை.

வலானுக்கு விடுதலை நாள் நிம்மதியாகக் கழியவில்லை. ஜூ த போம் நிலவறையில் கலைப் பொருட்கள் இருந்ததால் கூட்டத்தை உள்ளே விட மறுத்தார். ஜெர்மானியர்களை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று சந்தேகப்பட்டு, விடுதலைக்காகச் சண்டையிட்ட ஆட்களே அவர் முதுகில் துப்பாக்கியை வைத்து நிலவறைக்குக் கூட்டிப் போனார்கள்.

இப்போது நான் முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். படத்தில் இந்த ஓவியங்களைப் பிரான்ஸின் பெருமை, தேசத்தின் செல்வம் என்றுதான் எல்லாரும் பேசுகிறார்கள். அப்படிச் சொன்னால் ‘தேசப் பெருமைக்காக உயிரைக் கொடுக்கலாமா’ என்று தத்துவக் கேள்வி எழுப்ப வசதியாக இருக்கும். ஆனால் தேசத்தின் ஓவியங்கள் கோட்டைகளில் பத்திரமாக இருந்தன. ரயிலில் இருந்தவை, பெயரும் முகவரியும் உள்ள மனிதர்களிடமிருந்து பிடுங்கியவை. அவர்களில் சிலர் ஓடித் தப்பினார்கள். பலர் தப்பவில்லை. படத்தில் ‘யூதர்’ என்ற சொல்லுக்கு அநேகமாக இடமே இல்லை. 1964இல் பிரான்ஸும் அதைப் பேசத் தயாராக இல்லை என்பதால் ஃப்ராங்கன்ஹைமரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எல்லா ரயில்வேக்காரரும் எதிர்ப்பு வீரர்கள், எல்லா பிரெஞ்சுக்காரரும் மனதளவிலாவது நாஜிகளுக்கு எதிரி என்ற கதைதான் அன்றைக்கு நாட்டுக்கே தேவைப்பட்டது.

அந்தக் கதைக்கு இடைஞ்சலான ஒரு வரைபடம் இருக்கிறது. ஓபர்வில்லியே, போபின்யி, பான்தன், திரான்சி, லெ பூர்ஜே. எல்லாம் பாரிஸின் வடகிழக்கில் பக்கத்துப் பக்கத்துப் புறநகர்கள். ஓவிய வேகன்கள் நிரம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, ஜூலை 31ஆம் தேதி, யூதர்களை அடைத்து வைத்திருந்த திரான்சி முகாமிலிருந்து சுமார் 1,300 பேரை போபின்யி ஸ்டேஷனில் ஏற்றி ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். அவர்களில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். அந்த ரயிலை யாரும் நிறுத்தவில்லை. ஆகஸ்ட் 15ஆம் தேதி, வேலைநிறுத்தம் தொடங்கி ஐந்து நாள் ஆன பிறகு, பான்தன் சரக்கு நிலையத்திலிருந்து 2,200க்கும் மேற்பட்ட அரசியல் கைதிகளோடு இன்னொரு ரயில் கிளம்பியது. வழியில் பாலம் உடைந்திருந்தது. கைதிகளை இறக்கி நடக்கவைத்து, அப்பால் வேறு ரயிலில் ஏற்றினார்கள். ஆண்கள் புக்கன்வால்டு வதைமுகாமுக்கும் பெண்கள் ராவன்ஸ்புருக் வதைமுகாமுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். ஓவிய ரயில் அந்தச் சமயத்தில் சில கிலோமீட்டர் தள்ளி நின்றுகொண்டிருந்தது.

இதைச் சொல்வதால் ரயில்வே தொழிலாளர்களின் தியாகத்தைச் சிறுமைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். போரில் அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சுடப்பட்டோ முகாம்களில் வதைபட்டோ செத்தார்கள். நார்மண்டியில் நேசப்படைகள் இறங்கியபோது அவர்கள் தண்டவாளங்களைத் தகர்த்திருக்காவிட்டால் ஜெர்மன் படைகள் இன்னும் வேகமாக அங்கே போயிருக்கும். ஆனால் அதே ரயில்வேதான் பிரான்ஸிலிருந்து சுமார் 76,000 யூதர்களையும் ஏற்றிப் போனது. ஓட்ட மாட்டேன் என்று மறுத்த டிரைவராக வரலாற்றில் பதிவாகியிருப்பது லியோன் புரோன்ஷார் ஒருவர்தான். 1942 அக்டோபர் 31ஆம் தேதி, கைதிகளை ஏற்றிய ரயிலை அவர் ஓட்ட மறுத்து இன்ஜினை விட்டு இறங்கினார். அந்த ஊர் மோன்தோபான். அப்போது மோனா லிசாவும் அதே ஊரின் அருங்காட்சியகத்தில்தான் ஒளிந்திருந்தது. பின்னர் எதிர்ப்பு இயக்கத்தில் இருந்ததற்காகக் கைதாகி புக்கன்வால்டுக்கு அனுப்பப்பட்டும் அவர் உயிரோடு திரும்பினார்.

சரி, ‘சாகலாமா?’ 40044ஐப் பொறுத்தவரை பணயக்கைதிகளைச் சுட்டதோ இன்ஜின் டிரைவரைச் சுட்டதோ நடக்கவில்லை. ஓவியமா உயிரா என்று அங்கே யாரும் தராசு பிடிக்கவும் இல்லை. அப்படி ஒரு தராசு படத்துக்குத் தேவைப்பட்டது, கதாசிரியர்கள் செய்துகொண்டார்கள். வலான் தன் உயிரைப் பணயம் வைத்தது உண்மை, ஆனால் அவர் வேறு யாரையும் சாகச் சொல்லவில்லை. அவர் காப்பாற்றியதும் ஓவியங்களை மட்டுமல்ல. இந்தப் பெட்டி இன்னாருடையது என்ற தகவலைக் காப்பாற்றினார். ஓவியம் எங்கேயாவது பிழைத்துக்கொள்ளும், திருடனும் அதைப் பத்திரமாகத்தான் வைத்திருப்பான். உரிமையாளரின் பெயர் அழிந்துவிட்டால்தான் திருட்டு முழுமையடையும். நாஜிகள் அந்தக் குடும்பங்களின் ஆட்களையும் பெயர்களையும் ஒருசேர அழிக்கப் பார்த்தார்கள். அதனால்தான் வலானின் குறிப்புகளை ஓவியப் பட்டியல் என்று மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

அந்தக் குறிப்புகள் என்ன செய்தன என்பதற்கு ஆதாரம் நிறைய. வலான் யாரையும் எளிதில் நம்ப மாட்டார், விடுதலைக்குப் பிறகு வந்த சொந்த நாட்டு அதிகாரிகளையும் சேர்த்து. பல மாதம் பழகிப் பார்த்த பிறகுதான், அமெரிக்க ராணுவத்தின் கலைப் பிரிவைச் சேர்ந்த ஜேம்ஸ் ரோரிமரிடம் தன்னிடம் இருந்ததைக் கொடுத்தார். பவேரியாவின் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்குப் போ என்றார். 1945 மே மாதம் ரோரிமர் அங்கே போனபோது ஆயிரக்கணக்கான கலைப் பொருட்களோடு நாஜிகளின் சொந்தக் கேட்டலாக், அட்டைக் குறிப்புகள், நெகட்டிவ்கள் எல்லாம் இருந்தன. பிரான்ஸில் சுமார் 200 சேகரிப்புகளிலிருந்து எடுத்த ஏறத்தாழ 22,000 பொருட்களின் கணக்கு. வலான் பிரெஞ்சு ராணுவத்தில் கேப்டன் பதவி வாங்கிக்கொண்டு ஜெர்மனிக்கே போய், 1953 வரை தேடிக்கொண்டே இருந்தார். போருக்குப் பின் சுமார் 60,000 கலைப் பொருட்கள் பிரான்ஸுக்குத் திரும்பின. அவற்றில் 45,000 உரிமையாளர்களிடமோ வாரிசுகளிடமோ போயின. மிச்சத்தில் பெரும்பகுதியை அரசு ஏலம் விட்டுவிட்டது. அது சரியா என்பது தனி வழக்கு. ஏறத்தாழ 2,000 இன்னும் பிரெஞ்சு அருங்காட்சியகங்களில் உரியவருக்காகக் காத்திருக்கின்றன.

வெடிமருந்து இருக்கும் நிஜக் கதைதான் வேண்டும் என்பவர்கள் ஆஸ்திரியாவின் ஆல்ட்டாஸே உப்புச் சுரங்கத்தைப் பற்றிப் படிக்கலாம். ஹிட்லருக்காகச் சேர்த்த ஆயிரக்கணக்கான ஓவியங்களை அங்கே பதுக்கியிருந்தார்கள். கெண்ட் நகரத்துப் பலிபீட ஓவியம், மைக்கலாஞ்சலோவின் புரூஜ் மடோனா, ரோத்ஷில்டு வீட்டிலிருந்து ஜூ த போம் வழியாகப் போன வெர்மீரின் ‘வானியலாளர்’ எல்லாம் அங்கே. 1945 ஏப்ரலில் அந்த வட்டார நாஜித் தலைவன் ஐக்ரூபர் எட்டு மரப்பெட்டிகளை உள்ளே கொண்டுபோய் வைக்கச் சொன்னான். மேலே ‘கவனம், பளிங்கு, கவிழ்க்காதே’ என்று எழுதியிருந்தது. உள்ளே ஒவ்வொன்றிலும் 500 கிலோ விமானக் குண்டு. எதிரி கையில் கிடைக்கக்கூடாது என்று மொத்தத்தையும் தகர்க்கத் திட்டம். சுரங்கத் தொழிலாளர்கள் மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பெட்டிகளை இரவோடு இரவாக வெளியே தூக்கி வந்துவிட்டு, நுழைவுப் பாதைகளை மட்டும் அளவான வெடிவைத்து அடைத்தார்கள். கலைப் பற்றா? இருந்திருக்கலாம். சுரங்கம் போனால் ஊருக்கே பிழைப்பு போய்விடும் என்பது முதல் காரணமாக இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதில் குறை ஒன்றும் இல்லை.

படத்தில் லபீஷும் தோழர்களும் செய்யும் தந்திரங்கள் எங்கேயாவது மனிதர்களுக்காக நடந்ததா என்றால், நடந்தது. 1944 செப்டம்பர் 2ஆம் தேதி பிரஸ்ஸல்ஸில், சான் ழில் சிறையிலிருந்து 1,500 அரசியல் கைதிகளைச் சரக்கு வேகன்களில் அடைத்து ஜெர்மனிக்கு அனுப்பப் புறப்பட்டார்கள். இன்ஜின் பழுது, டிரைவருக்கு உடம்பு சரியில்லை, தண்ணீர் இல்லை, சிக்னல் இல்லை என்று பெல்ஜிய ரயில்வேக்காரர்கள் நாள் முழுக்க இழுத்தடித்தார்கள். மெக்கலன் வரை போன ரயில் மறுநாள் பிரஸ்ஸல்ஸுக்கே திரும்பியது, கைதிகள் இறங்கி வீட்டுக்குப் போனார்கள். ‘பேய் ரயில்’ என்று அதற்கு அங்கே பெயர். ஃப்ராங்கன்ஹைமர் இதை எடுத்திருந்தால் ஓவியமா உயிரா என்ற கேள்வியே வந்திருக்காது. ஆனால் தண்டவாளத்தின் இரு பக்கமும் பெட்டியும் பிணமுமாகக் கிடக்கும் அந்தக் கடைசிக் காட்சியும் நமக்குக் கிடைத்திருக்காது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனவே படத்தைத் தாராளமாகப் பாருங்கள். தேதியும் எண்ணும் வேண்டுமென்றால் வலானைப் பற்றி வந்திருக்கும் நூல்களுக்குப் போங்கள். ஜூ த போமில் நாஜிகள் எழுதிய அட்டைகளே இப்போது இணையத்தில் தேடக்கூடிய தரவுத்தளமாகக் கிடைக்கின்றன, குடும்பப் பெயரைப் போட்டுத் தேடலாம். வழக்குகளும் இன்னும் முடியவில்லை. பால் ரோசன்பர்க்கிடமிருந்து எடுத்த மத்தீஸ் ஓவியம் ஒன்று, ஜெர்மனியில் ஒருவரின் வீட்டில் பதுங்கியிருந்த குவியலில் அகப்பட்டு, 2015இல்தான் அந்தக் குடும்பத்துக்குத் திரும்பியது. நாஜிக் கொள்ளையில் போன படைப்புகளை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சட்டம் இயற்றாமலே அரசு அருங்காட்சியகங்கள் திருப்பிக் கொடுக்க வழிசெய்யும் பொதுச் சட்டத்தை பிரான்ஸ் நிறைவேற்றியது 2023 ஜூலையில்.